நீர்க்கடுப்பும் சிஸ்தாத்தாவும்

மாசி, பங்குனியில் மானாம்பதிப் பக்கம் கரும்பு வெட்டு நடக்கிற கொல்லைகளில் ஒரு பேச்சு அடிக்கடி காதில் விழும்.

"ரெண்டு நாளா சூடு புடிச்சிக்கிச்சி மாமா. நீர் சொட்டு சொட்டாத்தான் போவுது. ஒரே எரிச்சல்."

கேட்கிறவர் கையோடு வைத்தியமும் சொல்லிவிடுவார். ராத்திரி வெந்தயத்தை ஊறவைத்துக் காலையில் வெறும் வயிற்றில் குடி. மோர் குடி. கால் பெருவிரல் நகத்தில் சுண்ணாம்பு தடவு. நீர்க்கடுப்பு, நீர்ச்சுருக்கு, சூடு பிடித்தல் என்று அதற்குப் பல பெயர். வெயிலில் நிற்கிறவனுக்கு வருவது, இரண்டு நாளில் போய்விடுவது. அதற்கு மேல் யாரும் யோசிப்பதில்லை.

உலகப்படத்தில் மானாம்பதிக்குப் பக்கத்திலிருக்கும் உத்திரமேரூர் மேல் விரலை வைத்து நேர் மேற்கே நகர்த்திக்கொண்டே போங்கள். அரபிக்கடல், ஏடன் வளைகுடா, எத்தியோப்பியா, சூடான், மாலி, பிறகு அட்லாண்டிக் பெருங்கடல். அதையும் தாண்டினால் நடு அமெரிக்காவில், நிகராகுவா நாட்டின் பசிபிக் கரையோரம், சிச்சிகல்பா என்ற ஊரில் விரல் போய் நிற்கும். இரண்டு ஊர்களும் பூமத்திய ரேகைக்கு வடக்கே ஏறத்தாழ 12.6 பாகையில் இருக்கின்றன. ஏப்ரல் கடைசியில் சூரியன் நேர் உச்சிக்கு வந்து நிழல் காலடியில் ஒடுங்கும் நாள் இரண்டு ஊருக்கும் ஏறக்குறைய ஒன்றே. அங்கும் கரும்புதான். வெட்டு நவம்பரில் தொடங்கிக் கோடை வரை நடக்கும். அங்கே வெட்டுகிறவர்களுக்கும் சிறுநீர் எரிந்துகொண்டு சொட்டுச் சொட்டாகப் போகும். அதற்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் 'சிஸ்தாத்தா'. அவர்களும் அதை வெயிலில் வருவது, தானாகப் போவது என்றுதான் நினைத்திருந்தார்கள்.

சிச்சிகல்பாவை ஒட்டி ஒரு குடியிருப்பு இருக்கிறது. பெயர் லா இஸ்லா, அதாவது தீவு. இப்போது அதை விதவைகளின் தீவு என்கிறார்கள். முப்பது, நாற்பது வயது ஆண்கள் வரிசையாகச் சிறுநீரகம் செயலிழந்து இறந்துபோனதால் வந்த பெயர் அது. அப்பா இறந்தபின் மகன் அதே வெட்டுக்கத்தியை எடுத்துக்கொண்டு அதே கொல்லைக்குப் போவான், அதே நோயோடு திரும்புவான். நடு அமெரிக்கா முழுவதும் இந்த நோயால் இறந்தவர்கள் 20,000 பேருக்கும் மேல் என்பது பரவலாகச் சொல்லப்படும் மதிப்பீடு.

பக்கத்து நாடான எல் சால்வடாரின் தலைநகரில் ரோசாலெஸ் என்ற பெரிய அரசு மருத்துவமனை உண்டு. ரமோன் கார்சியா திரபானினோ என்ற இளம் மருத்துவர் 1999, 2000 வாக்கில் அங்கே ஒன்றைக் கவனித்தார். டயாலிசிஸ் கேட்டு வருகிறவர்களில் பெரும்பாலானோர் கடலோரத் தாழ்நிலத்து விவசாயக் கூலிகள். புதிதாக வந்த 205 பேரின் விவரத்தை எடுத்துப் பார்த்தால், சிறுநீரகம் கெட வழக்கமாகக் காரணமாகிற சர்க்கரை நோயோ நாள்பட்ட இரத்த அழுத்தமோ மூன்றில் இரண்டு பங்கினருக்கு இல்லை. 2002இல் அவர் இதை வெளியிட்டார். காரணம் தெரியாத நாள்பட்ட சிறுநீரக நோய் என்ற தலைப்பு மெல்ல மெல்ல மருத்துவ இதழ்களுக்குள் வந்தது. அமெரிக்க நாடுகளின் சுகாதார அமைப்பு இதை ஒரு பெரிய மக்கள் நலச் சிக்கல் என்று தீர்மானம் போட்டு ஏற்றுக்கொண்டது 2013இல். அதற்குள் லா இஸ்லாவில் ஒரு தலைமுறையே போய்விட்டிருந்தது.

வெயிலில் வேலை செய்கிற உடம்புக்குள் அப்படி என்னதான் நடக்கிறது?

சிறுநீரகம் நம் கைப்பிடி அளவுதான். ஆனால் இரண்டுக்கும் சேர்த்து நிமிடத்துக்கு ஒரு லிட்டர் இரத்தமாவது போகிறது. இதயம் தள்ளுவதில் ஐந்தில் ஒரு பங்கு. ஒரு நாளில் சுமார் 180 லிட்டர் நீரை அவை வடிகட்டுகின்றன. அவ்வளவையும் வெளியே விட்டால் ஒரு மணி நேரத்தில் நாம் வற்றிவிடுவோம். அதனால் வடித்ததில் 178 லிட்டருக்கும் மேல் திரும்ப உறிஞ்சி இரத்தத்துக்கே கொடுத்துவிட்டு, மிச்சம் ஒன்றரை லிட்டர் போலத்தான் சிறுநீராக அனுப்புகின்றன. முதலில் எல்லாவற்றையும் தூக்கி எறிந்துவிட்டு, பிறகு வேண்டியதை ஒவ்வொன்றாகப் பொறுக்கி எடுத்துக்கொள்ளும் வேலை இது. உப்பு, சர்க்கரை, தண்ணீர் என்று பொறுக்கி எடுக்கிற குழாய்கள்தான் சிறுநீரகத்தில் அதிகம் உழைக்கிற பாகம். வடிகட்டியும் குழாயும் சேர்ந்த ஒரு அலகுக்கு நெஃப்ரான் என்று பெயர். ஒரு சிறுநீரகத்தில் சராசரியாகப் பத்து லட்சம். தாயின் வயிற்றில் இருக்கும்போதே இந்தக் கணக்கு முடிந்துவிடுகிறது, பிறந்தபின் ஒன்றுகூடப் புதிதாக முளைக்காது. எடை குறைந்து பிறந்த பிள்ளைக்குத் தொடக்கத்திலேயே கையிருப்பு குறைவு.

கரும்பு வெட்டுகிறவரைப் பக்கத்தில் நின்று பார்த்தவர்களுக்குத் தெரியும். சோகையின் ஓரம் ரம்பம் மாதிரி அறுக்கும் என்பதால் முழுக்கைச் சட்டை, தலையில் துண்டு. சர்க்கரைச் சத்து அடிக்கரும்பில்தான் கூடுதல் என்பதால் மண்ணோடு ஒட்டி வெட்ட வேண்டும். குனிந்தால் குனிந்தபடிதான். வெட்டி, சோகை கழித்து, கொழுந்தாடையை நறுக்கி, கட்டுக் கட்டி, தலையில் தூக்கிப் பலகை ஏறி லாரியில் அடுக்க வேண்டும். நெருக்கமான கரும்புக்குள் காற்று நுழையாது. மணிக்கு ஒரு லிட்டர் வியர்வை போவது இந்த வேலையில் சாதாரணம், சட்டைக்குள் அது காய்வதும் இல்லை. கூலி நாளுக்கு அல்ல, டன்னுக்கு. இந்தப் பக்கத்துக் கரும்பு படாளத்தில் இருக்கும் மதுராந்தகம் கூட்டுறவுச் சர்க்கரை ஆலைக்குப் போவது. வெட்டு உத்தரவு வந்துவிட்டால் காய்வதற்குள் ஏற்றியாக வேண்டும். தண்ணீர் குடிக்கப் போகிற நேரம் எடையில் குறையும்.

தண்ணீர் வற்றத் தொடங்கியதும் மூளை, நீரைப் பிடித்து வை என்று சிறுநீரகத்துக்கு ஆணை அனுப்புகிறது. சிறுநீரகத்துக்கு வரும் இரத்தமும் குறைகிறது. குறைந்த இரத்தத்தில், குறைந்த ஆக்சிஜனில், குழாய்கள் முன்பைவிடக் கடுமையாக உறிஞ்ச வேண்டியிருக்கிறது. கடும் உழைப்பில் தசைகள் சிதைந்து இரத்தத்தில் யூரிக் அமிலம் கூடுகிறது. கெட்டியாகி அமிலத்தன்மை ஏறிய சிறுநீரில் அது படிகமாக உறைகிறது. எல் சால்வடாரில் வெட்டு முடிந்து வந்தவர்களின் சிறுநீரை நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தபோது அந்தப் படிகங்கள் இருந்தன. சிஸ்தாத்தாவின் எரிச்சலுக்கு அவையே காரணமாக இருக்கலாம் என்று அந்த ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். நம் நீர்க்கடுப்பும் பல நேரங்களில் இதே கதையாக இருக்கக்கூடும். உடம்பு கையெடுத்துக் கும்பிட்டு நிறுத்தச் சொல்கிற இடம் அது என்றே எனக்குத் தோன்றுகிறது.

இந்த விஷயத்தைப் படிக்கத் தொடங்கியபோது என்னை உறக்கமில்லாமல் ஆக்கிய ஆய்வு ஒன்று உண்டு. அமெரிக்காவின் கொலராடோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ரிச்சர்ட் ஜான்சன் குழுவினர் 2014இல் வெளியிட்டது. உடம்பில் நீர் வற்றினால் சிறுநீரகம் தன்னைக் காத்துக்கொள்ள, இரத்தத்தில் இருக்கும் குளுக்கோசைச் சார்பிட்டாலாக மாற்றுகிறது. அது அடுத்த படியில் ஃப்ரக்டோஸ் ஆகிறது. ஃப்ரக்டோஸ் என்பது பழத்திலும் தேனிலும் இருக்கிற அதே சர்க்கரை, கரும்புச் சர்க்கரையில் பாதியும் அதுதான். குழாய்ச் செல்களுக்குள் அந்த ஃப்ரக்டோஸ் எரியும்போது ஆற்றல் தீர்ந்து, யூரிக் அமிலம் பெருகி, செல் புண்ணாகிறது. ஒரு நாள் என்றால் ஆறிவிடும். தினமும் என்றால் புண் தழும்பாகி இறுகும். வாயில் ஒரு துளி சர்க்கரை போடாமலே, கரும்பு வெட்டுகிறவரின் சிறுநீரகத்துக்குள் சர்க்கரை உருவாகி அவரை அரிக்கக்கூடும்.

அந்த ஆய்வில் எலிகளை வாரக்கணக்கில் வெப்பத்தில் வைத்து நீர் வற்றச் செய்தார்கள். ஒரு கூட்டத்துக்கு நாள் முழுவதும் தண்ணீர் கிடைத்தது. இன்னொரு கூட்டத்துக்கு, வெப்பமெல்லாம் முடிந்தபின் இரவில்தான் கிடைத்தது. 24 மணி நேரத்தில் இரண்டு கூட்டமும் பெற்ற தண்ணீரின் அளவு ஒன்றே. சிறுநீரகம் கெட்டது இரவில் குடித்த கூட்டத்துக்கு. ஃப்ரக்டோஸை எரிக்கும் நொதி இல்லாதபடி வளர்த்த எலிகளோ, இரவில் குடித்தும் தப்பித்தன.

சாயங்காலம் பம்புசெட்டில் ஒரு சொம்பு மேல் சொம்பாகக் குடித்துக் கணக்கைச் சரிசெய்துவிடலாம் என்று நாம் நினைத்திருப்பதை இந்த எலிகள் கேள்வி கேட்கின்றன. வற்றியபின் குளிர்பானம் குடிப்பதும் உதவாது. ஃப்ரக்டோஸ் கலந்த இனிப்பு நீர் குடித்த எலிகளில் சேதம் கூடியதைப் பின்வந்த சோதனை காட்டியது. மோரும் நீராகாரமும் கொல்லைக்கு எடுத்துப் போன நம் முன்னோர் இந்த வகையில் சரியாகத்தான் செய்திருக்கிறார்கள்.

நிகராகுவாவின் கதையை நாம் ஏன் தலையில் போட்டுக்கொள்ள வேண்டும் என்று கேட்பவர்களுக்கு, புதுச்சேரி ஜிப்மர் மருத்துவர்கள் 2020இல் வெளியிட்ட கட்டுரையைத்தான் காட்டுவேன். தங்களிடம் வந்த சிறுநீரக நோயாளிகளில் பாதி அளவிலானோருக்கு வழக்கமான காரணம் எதுவும் இல்லை, அவர்களில் பெரும்பாலோர் விவசாயக் கூலிகள் என்று கண்டு, இது இந்த மண்ணில் ஊன்றிவிட்ட நோய் என்றார்கள். புதுச்சேரியையும் அதைச் சுற்றிய வடதமிழகத்தையும் சேர்த்து அதற்கு அவர்கள் வைத்த பெயர் தொண்டைமண்டல நெஃப்ரோபதி, அதாவது தொண்டைமண்டலச் சிறுநீரக நோய். தொண்டைமண்டலம்! காஞ்சியைத் தலைநகராகக் கொண்ட நாடு, ஏரிகளின் நாடு. குடவோலைக் கல்வெட்டுக்கு உத்திரமேரூரைத் தேடிப் போகிற நாம், அந்த மண்டலத்தின் பெயர் இப்போது ஒரு நோயின் பெயராக உலக மருத்துவ இதழில் ஏறியிருப்பதை அறியாமலே இருக்கிறோம்.

பிறகு 2023இல் இன்னோர் ஆய்வில் தமிழ்நாடு முழுவதும் 3,350 விவசாயத் தொழிலாளர்களைப் பரிசோதித்தார்கள். முடிவு 2025இல் வந்தது. நூற்றுக்கு ஐந்து பேருக்கு மேல் நாள்பட்ட சிறுநீரக நோய். அவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்குச் சர்க்கரையும் இல்லை, அழுத்தமும் இல்லை. போரூர் ராமச்சந்திரா நிறுவனத்தின் வித்யா வேணுகோபால் உப்பளத் தொழிலாளர்களைப் பல ஆண்டுகளாக ஆராய்ந்து, அங்கும் வெப்பத்தின் கூடவே சிறுநீரகத் தேய்வு இருப்பதைக் காட்டியிருக்கிறார். வேலையிடத்தில் கழிப்பறை இல்லாததால் பெண்கள் வேண்டுமென்றே தண்ணீர் குடிக்காமல் இருக்கிறார்கள் என்பதையும் அவர் பதிவு செய்தார். நாற்று நடவுக்கும் களையெடுப்புக்கும் போகிற எந்தப் பெண்ணைக் கேட்டாலும் இதைச் சொல்வார். காலையில் ஒரு டம்ளர், அப்புறம் வீட்டுக்கு வந்துதான். ஒதுங்க இடமில்லாத வேலையிடம் பெண்ணின் சிறுநீரகத்தை விலையாகக் கேட்கிறது. இதை நாம் இத்தனை காலம் கூச்சம் என்று மட்டும் பார்த்து வந்திருக்கிறோம்.

இதோடு உடம்புவலி மாத்திரை சேர்கிறது. நாள் முழுவதும் குனிந்து வெட்டியவர் ராத்திரி ஒரு டைக்ளோஃபினாக் போட்டுக்கொண்டு காலையில் எழுவார். நீர் வற்றிய நேரத்தில், சிறுநீரகத்துக்குள் இரத்தம் நுழையும் வாயைத் திறந்து வைத்திருக்கச் சில வேதிப்பொருள்கள் பாடுபடுகின்றன. இந்த வகை மாத்திரைகள் அவற்றைத்தான் தடுக்கின்றன. வலி போகும், வாய் சுருங்கும்.

வெயில் மட்டும்தானா காரணம் என்றால், ஆய்வாளர்கள் அங்கே பிரிகிறார்கள். இலங்கையின் வடமத்திய மாகாணத்தில், அநுராதபுரம், பொலன்னறுவைப் பக்கத்து நெல் விவசாயிகளிடையே 1990களிலிருந்து இதே போன்ற நோய். அங்கே கிணற்று நீரின் கடினத்தன்மை, ஃப்ளோரைடு, காட்மியம், களைக்கொல்லி என்று ஒவ்வொன்றாகச் சந்தேகப்பட்டார்கள். 2015இல் கிளைஃபோசேட் என்ற களைக்கொல்லியையே தடை செய்தார்கள். ஆந்திரத்தின் ஸ்ரீகாகுளம் மாவட்டத்தில் உத்தானம் பகுதி தென்னையும் முந்திரியும் நிறைந்தது, கரும்பு நாடல்ல. ஆனாலும் ஊர் ஊராகச் சிறுநீரக நோய். 2023 டிசம்பரில் பலாசாவில் அதற்கென்றே ஒரு மருத்துவமனை திறந்தார்கள். நிலத்தடி நீரில் கலந்தது, தெளிக்கிற மருந்து, கரும்பு எரித்த சாம்பலில் இருக்கும் சிலிக்கா ஆகிய எல்லாவற்றுக்கும் ஆதரவான சான்றுகள் கொஞ்சம் கொஞ்சம் உண்டு. நீர் வற்றிய சிறுநீரகம் எந்த நஞ்சையும் கெட்டியாக்கித் தன் குழாய்க்குள்ளேயே நிறுத்திக்கொள்ளும் என்பதால், வெயிலும் நஞ்சும் ஒன்றுக்கொன்று துணை போவதாகவே நான் புரிந்துகொள்கிறேன். இரண்டில் நாளைக் காலையே கைவைக்கக் கூடியது எது என்று பார்த்தால், வெயிலில் வேலை நடக்கும் விதம்தான்.

கலிஃபோர்னியாவில் கிடைத்த ஒரு சான்று இந்த எண்ணத்தை உறுதி செய்கிறது. அமெரிக்காவில் வயல் வேலை செய்பவர்களில் பெரும்பான்மையோர் மெக்சிகோவிலிருந்தும் நடு அமெரிக்காவிலிருந்தும் வந்த லத்தீன் மக்கள். 2017இல் வெளியான ஆய்வு ஒன்றில் 295 பேரின் இரத்தத்தை வேலைக்கு முன்னும் பின்னும் எடுத்துப் பார்த்தார்கள். ஒரே ஒரு நாள் வேலையில் 35 பேருக்குச் சிறுநீரகத்தில் திடீர்ப் பாதிப்பு. கூடை கணக்கில், எடை கணக்கில் கூலி வாங்கியவர்களுக்கு அந்த வாய்ப்பு மணிக்கூலி வாங்கியவர்களைவிட நான்கு மடங்கு. அதே வெயில், அதே வயல்தான். கூலியைக் கணக்கிடும் முறை சிறுநீரகத்தின் உள்ளே வரை போய்த் தெரிகிறது. டன் கணக்கில் வெட்டுகிறவர்கள் ஊரில் இருக்கும்போது இந்த எண்ணை என்னால் எளிதாகக் கடந்துபோக முடியவில்லை.

அந்த மக்களைப் பற்றி இன்னொரு செய்தியும் உண்டு. அமெரிக்காவின் லத்தீன் மக்கள் 6 கோடிக்கு மேல். வருமானம் குறைவு, மருத்துவக் காப்பீடு குறைவு, ஆனாலும் கொரோனாவுக்கு முன்பு வரை வெள்ளையரைவிடச் சராசரியாக ஏறத்தாழ மூன்று ஆண்டு கூடுதலாக வாழ்ந்தார்கள். 1986 முதல் இதைப் பெரிய புதிராக ஆய்வாளர்கள் பேசி வருகிறார்கள். அந்த நல்ல சராசரிக்கு அடியில்தான் சிறுநீரகச் செயலிழப்பு அவர்களுக்கு மற்றவர்களைவிட 1.3 மடங்கு என்ற எண்ணும் இருந்தது. குடியேற்றத் தாள்கள் இல்லாதவருக்குப் பல மாநிலங்களில் வாரம் மூன்று முறை டயாலிசிஸ் கிடையாது. மூச்சுத் திணறி உயிர் போகும் கட்டத்தில் அவசரப் பிரிவுக்கு வந்தால் மட்டும் ஒரு முறை. அப்படி நடத்தப்பட்டவர்களிடையே ஐந்து ஆண்டுகளில் இறப்பு, முறையாக டயாலிசிஸ் கிடைத்தவர்களைவிட 14 மடங்கு என்று 2018இல் ஓர் ஆய்வு சொன்னது. அடுத்த ஆண்டே கொலராடோ மாநிலம் விதியை மாற்றியது. நம் தமிழ்நாட்டின் சராசரியும் நல்ல சராசரிதான், தாய்மார் இறப்பையும் குழந்தை இறப்பையும் குறைத்ததில் நாட்டின் முன்வரிசையில் நிற்கிறோம். அந்தச் சராசரிக்கு அடியிலும் போய்ப் பார்க்க வேண்டியிருக்கிறது.

பார்ப்பதற்கு எளிய வழி இருக்கிறது. 2023 ஜூலையில் தொடங்கிய 'சிறுநீரகம் காப்போம்' திட்டத்தில் ஆரம்ப சுகாதார நிலையங்களிலேயே சிறுநீர் சோதிக்கிறார்கள், நல்ல முயற்சி. 'மக்களைத் தேடி மருத்துவம்' வழியாக வயிற்றுவழி டயாலிசிஸுக்கான திரவப் பைகளை வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுக்கிறார்கள். ஆனால் இந்த நோயில் ஒரு சிக்கல் உண்டு. சர்க்கரையால் சிறுநீரகம் கெடும்போது வடிகட்டி ஓட்டையாகிப் புரதம் ஒழுகும், சிறுநீரில் நனைக்கும் காகிதத் துண்டு நிறம் மாறிக் காட்டிக்கொடுத்துவிடும். வெயில் கெடுப்பதோ வடிகட்டியை அல்ல, குழாயை. புரதம் அதிகம் ஒழுகாது. முகம் வீங்காது. அழுத்தமும் பெரிதாக ஏறாது. காகிதம் நன்றாக இருக்கிறது என்று சொல்லும், உள்ளே பாதி போயிருக்கும். இரத்தத்தில் கிரியாட்டினின் பார்த்தால்தான் தெரியும். ஊரில் "உப்பு ஏறிடுச்சி" என்று சொல்கிறார்களே, அந்த எண். வெட்டு தொடங்கும் முன் ஒரு முறை, முடிந்தபின் ஒரு முறை அதைப் பார்க்க வேண்டும். விலை குறைந்த சோதனைதான். 2024இல் தமிழ்நாடு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்து, அதில் இறப்பவர் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய் என்றது. கொல்லையில் சுருண்டு விழுந்தவர் அந்தக் கணக்கில் வருவார். பத்துப் பருவங்களில் கொஞ்சம் கொஞ்சமாக வெயிலிடம் சிறுநீரகத்தை இழந்து, ஐப்பசி மழையில் ஆஸ்பத்திரிக் கட்டிலில் இறப்பவர் எந்தக் கணக்கிலும் வருவதில்லை.

எல் சால்வடாரில் 2014, 2015 வெட்டுப் பருவத்தில் ஒரு மாற்றம் செய்து பார்த்தார்கள். தண்ணீர், ஓய்வு, நிழல் என்ற மூன்றுதான். முதுகில் மாட்டிக்கொள்ளும் தண்ணீர்ப் பை கொடுத்தார்கள், குழாயை வாயில் வைத்தபடியே வெட்டலாம். நேரம் வைத்து ஓய்வு. கூடவே தூக்கி நகர்த்தக்கூடிய நிழற்பந்தல், கொஞ்சம் மேம்பட்ட வெட்டுக்கத்தி. ஓய்வு கொடுத்தால் வெட்டு குறையும் என்று பயந்தவர்கள் பார்த்தது வேறு. ஆளுக்கு ஒரு நாளைக்கு 5.1 டன்னாக இருந்தது 7.3 டன் ஆனது. பிறகு நிகராகுவாவில் இன்னும் விரிவாகச் செய்தபோது, வெட்டுகிறவர்களிடையே ஒரு பருவத்தில் புதிதாக ஏற்படும் சிறுநீரகப் பாதிப்பு சுமார் 70 விழுக்காடு குறைந்தது. கலிஃபோர்னியா அதற்கு முன்பே, 2005இல், வெயிலில் இறந்த வயல் தொழிலாளர்களை முன்னிட்டு, ஆளுக்கு மணிக்கு ஏறத்தாழ ஒரு லிட்டர் குடிநீர் வேலையிடத்திலேயே இருக்க வேண்டும் என்று சட்டம் போட்டிருந்தது.

மானாம்பதிப் பக்கத்து வெட்டுக் கொல்லைகளிலும் தண்ணீர் இல்லாமல் இல்லை. விடியற்காலையில் வரப்போரமாக 20 லிட்டர் கேன் ஒன்று வந்து இறங்கும். வெட்டு அங்கிருந்துதான் தொடங்கும், அப்போது கை நீட்டினால் தண்ணீர். வெட்ட வெட்ட ஆட்கள் உள்ளே போவார்கள், கேன் வரப்பிலேயே நிற்கும். பதினொரு மணி வாக்கில், வெயில் ஏறி உடம்பு தண்ணீருக்குத் தவிக்கும்போது, கேனுக்கும் ஆளுக்கும் நடுவில் காலைக் குத்தும் கட்டைகளோடு ஒரு முழுக் கொல்லை கிடக்கும். போய் வருவதற்குள் ஒரு கட்டு வெட்டிவிடலாம். "இந்த வரிசையை முடிச்சிட்டுக் குடிச்சிக்கலாம்" என்று அவர் மறுபடியும் குனிவார்.

அந்தக் கேனைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு, அவர் வெட்டும் வரிசைக்குப் பின்னாலேயே கொண்டுபோய் வைக்க ஓர் ஆள் போதும்.